தார்ப்பாய் போடாத மூவாயிரம் பெட்டிகள்

கஸ்தோன் த்ரெபானியேயைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் கோபம்தான் வருகிறது. அவன் மேல் கொஞ்சம், ஊர் மேல் நிறைய, வான்கூவரிலிருந்து வந்த அந்தப் புது பூட்ஸ்காரன் மேல் அதைவிட நிறைய. மிச்சக் கோபம் யார் மேல் என்பதையும் மறைக்கப் போவதில்லை.

எங்கள் ஊரில் தங்கம் தோண்டுகிறவர்களைவிடத் தங்கம் தேடுகிறவர்கள் அதிகம். தேடுகிறவர்களைவிட, தேடுகிறவர்களின் பங்குகளை வாங்குகிறவர்கள் அதிகம். வருஷத்துக்கு நாலு கம்பெனியாவது வரும். கம்பெனி என்றால் ஐந்து பேர், ஒரு வரைபடம், எட்டு சென்ட்டுக்கு விற்கும் ஒரு பங்கு. காட்டுக்குள் எந்திரத்தை இறக்கித் துளை போடுவார்கள். கைப்பிடிப் பருமனில் கல்தண்டு கல்தண்டாக மேலே வரும். அதை வரிசை கலையாமல் அடுக்கி வைக்க மரப்பெட்டி வேண்டும். ஒரு பெட்டிக்குப் பதினைந்து அடி கல். அந்தப் பெட்டிகளைச் செய்கிறவன் கஸ்தோன். என் பக்கத்து வீடு.

முப்பத்தொரு வருஷமாக அதே வேலை. இருபத்து நாலு வயதில் அறுவை எந்திரம் இடது கையில் இரண்டு விரலைக் கொண்டுபோயிற்று. ஆறு மாதம் வீட்டில் கிடந்தான். அந்த ஆறு மாதமும் அவன் மனைவி யூகெத் மருத்துவமனையில் துணி துவைத்துக் குடும்பத்தை ஓட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்குப் போய், ஒற்றை ஆளாக, மரத்தை வெட்டி இழுத்து ஒரு கேம்ப், அதாவது எங்கள் ஊர்ப் பேச்சில் ஏரிக்கரை மரவீடு, கட்டினாள். இரண்டு அறை, ஒரு இரும்பு அடுப்பு, தண்ணீர் வரைக்கும் பலகைப் பாதை. வெளியே இருந்த கழிப்பறையின் உள்சுவரில் மட்டும் கஸ்தோனின் கைவரிசை. செத்துப்போன கம்பெனிகளின் பங்குப் பத்திரங்களை வாங்கி வாங்கி அங்கே வரிசையாக ஒட்டி வைத்திருந்தான். "உக்காந்து படிக்க நல்லாருக்கும்" என்பான். எங்கள் ஊரில் இப்படி ஒட்டாத வீடு குறைவு.

ஊர் எப்படிப் பங்கு வாங்கும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கம்பெனி விடும் அறிக்கையை டொராண்டோக்காரன் படிக்கட்டும். அதில் எல்லாமே 'இருக்கலாம்', 'எனக் கருதப்படுகிறது', 'இருப்பு இன்னும் நிரூபிக்கப்படவில்லை'. இந்த வழவழாவை நாங்கள் படிப்பதில்லை. நாங்கள் படிப்பது கஸ்தோனின் யார்டை, பெட்டிகள் அடுக்கிக் கிடக்கும் முற்றத்தை. கல்லில் ஏதோ தட்டுப்பட்டால் கம்பெனி மேலும் துளை போடும். மேலும் துளை என்றால் மேலும் பெட்டி. பெட்டி கேட்கிறான் என்றால் கல்லில் எதையோ கண்டுவிட்டான். வெளியூர்க்காரனுக்கு இது தெரியாது, நமக்குத் தெரியும் என்று எங்களுக்கு ஒரு கர்வம். நாசமாய்ப் போன கர்வம்.

கஸ்தோனோ கல்லுளிமங்கன். எந்தக் கம்பெனி எத்தனை பெட்டி கேட்டது என்று பாதிரியார் கேட்டாலும் சொல்ல மாட்டான். இருட்டிய பிறகு லாரியில் ஏற்றி, மேலே தார்ப்பாய் போட்டு, நாலு பக்கமும் கட்டி, ஊருக்குப் பின்னால் உள்ள சரளைச் சாலை வழியாகத்தான் அனுப்புவான். ஆணிக் கடையில் அவன் எத்தனை பெட்டி ஆணி வாங்கினான் என்று கடைக்காரரிடம் கேட்டு வகுத்துப் பார்க்கிறவர்கள் இருந்தார்கள். என் சமையலறை ஜன்னல் அவன் யார்டைப் பார்த்தது என்பதற்காகவே காப்பி குடிக்க வந்தவர்கள் உண்டு. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான், இர்யா. எனக்கு அவ்வளவு நண்பர்கள் எப்படி என்று நினைக்கிறீர்கள்?

மூன்று வருஷத்துக்கு முந்தைய பிப்ரவரியில் டன்வாரா கோல்டு வந்தது. அதன் தலைவர் ப்ரெஸ்டன் ஆட்லி. மைனஸ் நாற்பது டிகிரி குளிரில் தொப்பி இல்லாமல் நடந்த மனிதர். பூட்ஸில் விலைச்சீட்டு ஒட்டியிருந்த பிசின்கூடப் போகவில்லை. நேராக கஸ்தோனின் கடைக்கு வந்து மூவாயிரம் பெட்டி கேட்டார். பணத்தை முன்னாலேயே வைத்தார். அன்று நான் ஆணி வாளிமேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். என் காதால் கேட்டேன்.

"தார்ப்பாய் எல்லாம் போட வேணாம். பகல்லயே அனுப்பிடுங்க. மெயின் ரோடு வழியா வந்தாலே போதும், டிரைவருக்கு நேரம் மிச்சம்" என்றார்.

"எல்லாரும் பார்ப்பாங்களே" என்றான் கஸ்தோன்.

"பார்க்கட்டும். எங்க கிட்ட ஒளிக்க ஒண்ணும் இல்ல."

பாருங்கள், அந்த மனிதர் பொய்யே சொல்லவில்லை. அங்கே ஒளிக்க உண்மையிலேயே ஒன்றும் இல்லை.

மூவாயிரம் பெட்டி. நாற்பத்தைந்தாயிரம் அடிக் கல். இரண்டே துளை போட்ட ஒரு குட்டிக் கம்பெனிக்கு இவ்வளவா? எங்கள் ஊரின் மூக்கு வியர்த்துவிட்டது. மத்தியானம், பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரத்தில், பளிச்சென்று வெள்ளை மரப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டு லாரிகள் கடைத்தெரு வழியாகப் போயின. ஒன்பது சென்ட் பங்கு மார்ச்சில் முப்பது ஆயிற்று. நானும் வாங்கினேன். நாலு வருஷச் சேமிப்பு. ஆணிக் கடைக்காரர் வாங்கினார். பனி தள்ளும் வண்டி ஓட்டும் ஓவிலா, வீட்டை இரண்டாவது தடவை அடகு வைத்து வாங்கினான்.

கஸ்தோன் எல்லோரையும் முந்திக்கொண்டான். பெட்டி செய்தவனே அவன்தானே, அவனுக்குத் தெரியாதா? கேம்ப்பை விற்று வாங்கினான். சட்பரியிலிருந்து ஒரு பல் டாக்டர், லுண்ட் என்று பேர், நெடுநாளாக அந்தக் கேம்ப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். யூகெத் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். இரண்டு வாரம் அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. கடைசியில் ஒரு நிபந்தனையோடு போட்டாள். ஜூன் ஒன்றாம் தேதிக்குள் அதே பணத்தைக் கொண்டுவந்தால் லுண்ட் கேம்ப்பைத் திருப்பித் தர வேண்டும். அவரும் எழுதிக் கொடுத்தார்.

"ஜூன் ஒண்ணு, கஸ்தோன். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது. நான் கட்டினது அது" என்றாள் யூகெத்.

"ஏரில பனி உருகுறதுக்குள்ள வாங்கித் தர்றேன். மோட்டார் படகோட."

"படகு எவளுக்கு வேணும்? என் அடுப்பைத் திருப்பிக் குடு போதும்."

ஏப்ரலில் ஐம்பத்தெட்டு சென்ட் போயிற்று. அப்போது விற்றிருந்தால் கேம்ப்பும் வந்திருக்கும், படகும் வந்திருக்கும். யூகெத் தினமும் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். அவன் கேட்கவில்லை. "கல்லு பரிசோதனை முடிவு இன்னும் வரல. மூவாயிரம் பெட்டி நிறைஞ்சு அடுத்த ஆர்டர் குடுப்பான் பாரு, அன்னிக்கு விக்கிறேன்" என்றான். தன் கையால் ஆணி அடித்த பெட்டியை நம்பாமல் வேறு எதை நம்புவான்? இந்த இடத்தில்தான் அவன் மேல் எனக்கு ஆத்திரம். பெட்டி பெட்டிதான் என்று முப்பத்தொரு வருஷத்தில் அந்த மண்டைக்கு உறைக்கவில்லை. என் மண்டைக்கும் உறைக்கவில்லை, அது வேறு விஷயம்.

மே இருபத்திரண்டு, வியாழக்கிழமை. அடுத்த ஆர்டர் வரவேயில்லை என்பதால், தானே போய்க் கேட்டுவிடலாம் என்று கிளம்பினான். அவன் வண்டி மெக்கானிக்கிடம் கிடந்தது. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, என் வண்டியில் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். சேறும் குழியுமாக ஒன்றரை மணி நேரம். போய்ச் சேர்ந்தால் எந்திரமே இல்லை. இரண்டு பேர் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்தும் பார்க்காதது போல வேலையைத் தொடர்ந்தார்கள்.

கூடாரத்துக்குப் பின்னால் போனோம். இருவரும்தான் போனோம். அங்கே, மரங்களுக்கு நடுவே, கஸ்தோனின் பெட்டிகள். கட்டுக் கட்டாக, அவன் கடையில் போட்ட இரும்புப் பட்டைகூட அறுபடாமல், ஆளுயரத்துக்கு. பனியின் பாரத்தில் மேல்வரிசை நசுங்கிக் கிடந்தது. ஒரு கட்டில் அணில் கூடு வைத்திருந்தது. ஓரமாக, தனியாக, கல் வைத்த பெட்டிகள் இருந்தன. நான் எண்ணினேன். நாற்பத்திரண்டு. சாம்பல் நிறக் கல், நம் ஊர் ரோட்டுக்குப் போடுகிற கல்.

கஸ்தோன் ஒரு கட்டின் மேல் கையை வைத்தபடி நின்றான். மூன்று விரல் உள்ள கை.

"பெட்டி வாங்கல இர்யா, இவன்" என்றான் பிறகு. "விளம்பரம் வாங்கியிருக்கான். என் கிட்டயே வாங்கி, என் ஊருக்கே காட்டியிருக்கான்."

"எல்லாத்தையும் வித்துட்டு ஓடியிருப்பான், படுபாவி" என்றேன்.

திரும்பும் வழியில் பாதி தூரம் வந்திருந்தோம். "ராத்திரி ஹால்ல எல்லார்கிட்டயும் சொல்லிடணும்" என்றான்.

"முதல்ல நீ வித்துடு. மார்க்கெட் நாலு மணி வரைக்கும் இருக்கு. நாப்பத்தாறு சென்ட் இருக்கு இன்னும். யூகெத்தோட கேம்ப்பை மீட்டுட்டு அப்புறம் சொல்லு."

"யாரு வாங்குவா?"

"யாரோ வாங்குவாங்க."

"யாரோ இல்ல. ஓவிலா வாங்குவான். ஆணிக் கடைக்காரர் வாங்குவாரு. எங்கிட்ட பெட்டி பார்த்துதானே வாங்குறாங்க? சொல்லிட்டு விக்கிறேன். ஒரு ராத்திரிதானே."

இது நல்ல மனமா, பைத்தியக்காரத்தனமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. அவனை வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது மணி ஒன்றரை. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, டிம்மின்ஸில் இருக்கும் என் புரோக்கருக்கு போன் போட்டேன். ஒன்றுவிடாமல் விற்கச் சொன்னேன். பத்தே நிமிஷத்தில் முடிந்தது. வாங்கியது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். பிறகு பேருந்தை எடுத்துக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிவரப் போனேன்.

வியாழக்கிழமை என்றால் லீஜியன் ஹாலில், அதாவது முன்னாள் படைவீரர் சங்கக் கூடத்தில், ஊர்ச் சாப்பாடு. இறைச்சி அடைத்துச் சுட்ட ரொட்டி, பீன்ஸ், பீர். நாற்பது பேராவது இருந்தார்கள். கஸ்தோன் தட்டை எடுக்காமலே நடுவில் போய் நின்றான். அவன் பேசுவதே அபூர்வம் என்பதால் ஹால் அடங்கிவிட்டது.

"டன்வாரால ஒண்ணும் இல்ல. எந்திரம் போயிடுச்சு. என் பெட்டி எல்லாம் பிரிக்காம காட்டுல கிடக்கு. நான் இன்னிக்குப் பார்த்துட்டு வந்தேன். நாளைக்கு எல்லாரும் வித்துடுங்க."

ஓவிலாதான் முதலில் சிரித்தான்.

"ஏம்பா கஸ்தோன், முப்பது வருஷமா பெட்டிக் கணக்கு கேட்டா வாயில கொழுக்கட்டை. இன்னிக்குத் திடீர்னு நீயே மைக் பிடிக்கிறே. நாங்க பயந்து வித்தா நீ மலிவா வாங்கலாம்னு பார்க்கிறியா?"

"கேம்ப்பை வித்து வாங்கினவன் சும்மா சொல்வானா?" என்று ஒருவர்.

"அதான் பத்தல போல, இன்னும் வேணுமாம்" என்று இன்னொருவர். ஹால் முழுக்கச் சிரிப்பு.

கஸ்தோனின் கழுத்து சிவந்தது. "இர்யாதான் வண்டி ஓட்டினா. அவளைக் கேளுங்க" என்றான்.

நாற்பது முகம் என் பக்கம் திரும்பியது. யூகெத்தும் திரும்பினாள். ஆமாம், நானும் பார்த்தேன், நாற்பத்திரண்டு பெட்டிதான் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? அப்ப உன் ஷேர் என்னாச்சு இர்யா? மத்தியானமே விற்றுவிட்டேன், ஒருவேளை உங்களில் ஒருவருக்குத்தான் விற்றேன் என்று நான் எப்படிச் சொல்வேன்? வாயில் இருந்த பீன்ஸை மென்று விழுங்கினேன்.

"நான் வண்டியிலதான் உக்காந்திருந்தேன். ஒண்ணும் பார்க்கல" என்றேன்.

கஸ்தோன் என்னைப் பார்த்தான். பொய் என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே உடைந்திருப்பேன். கல்லுளிமங்கன், அதுதான் சொன்னேனே.

"பார்த்தியா" என்றான் ஓவிலா. "இவன் நமக்கு முந்தி வித்துட்டு, அப்புறம் நம்மள விரட்டுறான்."

இதுதான் அவனைச் சுட்டது. மலிவாக வாங்கப் பார்க்கிறான் என்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். ஊரை ஏமாற்றி முன்னால் விற்றவன் என்றதும் மேசையில் ஓங்கி அறைந்தான்.

"ஒண்ணுகூட விக்கலடா. உங்கள்ல கடைசி ஆள் வித்த பிறகுதான் நான் விப்பேன். இது சத்தியம். இப்ப நம்புறீங்களா?"

யாரும் நம்பவில்லை. யூகெத் மட்டும் நம்பினாள். கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க மார்க்கெட் திறந்திருந்தது. ஓவிலா இன்னும் ஆயிரம் பங்கு வாங்கினான். யூகெத் கஸ்தோனின் கடை வாசலில் நின்று கத்தியது என் ஜன்னல் வழியாகக் கேட்டது.

"உன்னைத் திருடன்னு சொன்னவங்களுக்காக என் வீட்டைக் குடுப்பியா?"

"சத்தியம் பண்ணிட்டேன் யூகெத்."

"எனக்கும்தான் பண்ணினே. அது முந்தி பண்ணின சத்தியம்."

அவன் பலகை அறுத்துக்கொண்டிருந்தான். யாரும் பெட்டி கேட்டிருக்கவில்லை. வெறுமனே அறுத்தான். அப்போது நான் குறுக்கே நடந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஹாலுக்குப் போய், வாசலில் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கலாம். ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை டன்வாரா பங்கின் வர்த்தகம் நிறுத்திவைக்கப்பட்டது. வியாழக்கிழமை மறுபடி திறந்தபோது மூன்று சென்ட். 'குறிப்பிடத்தக்க முடிவுகள் இல்லை' என்று ஒரு வரி அறிக்கை. ப்ரெஸ்டன் ஆட்லியும் அவருடைய ஆட்களும் ஏப்ரலிலேயே விற்று முடித்திருந்தார்கள். பிறகு டொராண்டோவிலிருந்து விசாரிக்க இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். தங்கம் இருக்கிறது என்று ஆட்லி சொன்னாரா என்று கஸ்தோனைக் கேட்டார்கள். "தார்ப்பாய் போட வேணாம்னு சொன்னாரு" என்றான். அதில் குற்றம் ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். மரப்பெட்டி வாங்குவதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லையாம். அந்தப் பூட்ஸ்காரன் மூவாயிரம் பெட்டி விலையில் ஒரு ஊரையே வாங்கி விற்றுவிட்டுப் போனான், பூட்ஸில் சேறுகூடப் படாமல்.

ஊராவது வெட்கப்பட்டதா? அதுவும் இல்லை. 'இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாமே, இர்யாவையாவது வண்டியை விட்டு இறக்கிக் காட்டிச் சாட்சியாக்கியிருக்கலாமே' என்று கஸ்தோனையே குறை சொன்னார்கள். ஓவிலா இன்றுவரை அவனோடு பேசுவதில்லை.

மே முப்பத்தொன்று, சனிக்கிழமை, கேம்ப்பைக் காலி செய்தார்கள். லுண்ட் மோசமான மனிதர் இல்லை. சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். என் வண்டி பெரியது என்பதால் யூகெத் என்னைக் கூப்பிட்டாள். போகாமல் இருக்க எனக்கு வழியில்லை. பாத்திரம், மெத்தை, மண்ணெண்ணெய் விளக்கு எல்லாம் ஏற்றினோம். கடைசியாக அந்த இரும்பு அடுப்பு. கஸ்தோன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துப் பலகைப் பாதையில் கொண்டுவந்தோம். யூகெத் முன்னால் நின்று கைகாட்டிக்கொண்டு வந்தவள், திடீரென்று நின்று என்னைப் பார்த்தாள்.

"நீ மட்டும் அன்னிக்கு வண்டியை விட்டு இறங்கி ஒரு பார்வை பார்த்திருந்தா, இர்யா. நீ சொன்னா ஊரு கேட்டிருக்கும். இவரும் அந்தச் சத்தியத்தைப் பண்ணியிருக்க மாட்டாரு. ஏன் இறங்கல நீ?"

அடுப்பு கையில் கனத்தது. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

"கொசு" என்றான் கஸ்தோன், என்னைப் பார்க்காமல். "அன்னிக்குப் பயங்கரக் கொசு. நான்தான் இறங்க வேணாம்னு சொன்னேன். அவளை விடு."

யூகெத் தலையை ஆட்டிக்கொண்டு வண்டியின் பின்கதவைத் திறக்கப் போனாள். மே இருபத்திரண்டு அன்று அங்கே ஒரு கொசுகூட இல்லை. அவன் முகத்தில் கோபத்தைத் தேடினேன். இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"பார்த்து வா, படி இருக்கு" என்றான்.